பி450 டோமஹாக்: மின்பகுதி தாங்கியது, பயாஸ் சில்லு நிரம்பியது

ஒரு மதர்போர்டில் பிற்பாடு மாற்றிக்கொள்ளக்கூடியது எது, சாகும்வரை அப்படியே இருக்கப்போவது எது என்று பிரித்துவிட்டால் மதிப்பீட்டில் பாதி முடிந்த மாதிரி. ஒலித்தரம் போதவில்லையா, ஒரு யுஎஸ்பி டாக் (வெளியே செருகும் ஒலிக்கருவி) வாங்கிச் செருகலாம். லேன் வேகம் போதவில்லையா, ஒரு கார்டு போடலாம். ஆனால் ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் சில்லு, கார்டுகளும் வட்டுகளும் ப்ராசசரோடு பேசும் பிசிஐஇ தடங்கள் பிரியும் விதம் ஆகிய மூன்றும் தொழிற்சாலையில் பற்றவைத்தபடியே இருக்கும். பெட்டியின் மேல் இந்த மூன்றைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதியிருக்கும்.

இதற்குப் பொருத்தமான உதாரணம் எம்எஸ்ஐ நிறுவனத்தின் பி450 டோமஹாக். ஏஎம்டி ப்ராசசர்களுக்கான பி450 சிப்செட் (போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் துணைச் சில்லு) 2018 ஜூலை கடைசியில் சந்தைக்கு வந்தபோது கூடவே வந்த நடுத்தர விலை ஏடிஎக்ஸ் போர்டு இது. விலைக்கு மிஞ்சிய மின்பகுதி என்று பெயர் வாங்கியது. ஒரே வருடத்தில், 2019 ஜூலையில், 16 மெகாபைட் பயாஸ் சில்லு போதாமல் திணறியது. அதற்குப் பிறகும் பல தலைமுறை ப்ராசசர்களை ஏற்று இன்றுவரை பல மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல முடிவு ஒன்றும் தவறான கணிப்பு ஒன்றும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இதைப் பகுதி பகுதியாகப் பார்ப்பது பயன் தரும்.

மின்பகுதி

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிற சோக்குகளை (மின்சுருள்களை) எண்ணி, அத்தனை ஃபேஸ், அதாவது சுமையைப் பங்கிடும் அத்தனை மின்கிளைகள், என்று முடிவு கட்டக்கூடாது. ஃபேஸ் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கன்ட்ரோலர் சில்லு. டோமஹாக்கில் இருப்பது ரிச்டெக் ஆர்டி8894ஏ. ப்ராசசர் கோர்களுக்கு 4 ஃபேஸ், உள்ளிருக்கும் மெமரி கன்ட்ரோலர் முதலிய எஸ்ஓசி பகுதிக்கு 2 ஃபேஸ், ஆக 4+2. அதே காலத்தில் விற்ற பல பி450 போர்டுகளிலும் கன்ட்ரோலர் அளவில் 4 ஃபேஸ்தான். டோமஹாக் வேறுபட்டது மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சில்லுகளில். ஒவ்வொரு கோர் ஃபேஸிலும் 12 வோல்ட் வரும் மேல்பக்கம் இரண்டு, தரையோடு இணையும் கீழ்ப்பக்கம் இரண்டு என இரட்டையாக ஆன் செமிகண்டக்டரின் மாஸ்ஃபெட்கள், அவற்றின் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க்.

இரட்டையாகப் போட்டால் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இந்தப் பலகையில் உள்ள ஏஎம்4 என்ற ஏஎம்டி சாக்கெட்டில் 105 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட ப்ராசசருக்கு உண்மையில் அனுமதிக்கப்பட்ட மின்சக்தி 142 வாட். நீடித்துப் பாயும் மின்னோட்டத்துக்கு 95 ஆம்பியர் வரம்பு, கண நேர உச்சத்துக்கு 140 ஆம்பியர். 65 வாட் என்று எழுதிய ப்ராசசருக்கு அவை முறையே 88 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர். இந்த எண்களை வைத்தே போர்டை எடைபோட வேண்டும். பெட்டியில் போட்ட வாட் எண் கூலர் வாங்குவதற்குக்கூட முழுதாக உதவாது.

95 ஆம்பியரை 4 ஃபேஸ் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 24 ஆம்பியர். உள்ளே வருவது 12 வோல்ட், வெளியே போவது 1.2 வோல்ட் அளவு. ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் மேல்பக்க மாஸ்ஃபெட் 10 சதவீத நேரம்தான் திறந்திருக்கும். மீதி 90 சதவீத நேரமும் மின்னோட்டத்தைச் சுமப்பது கீழ்ப்பக்க மாஸ்ஃபெட். அதன் மின்தடை 3 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், தனியாக ஒன்று இருக்கும்போது ஒரு ஃபேஸில் வெப்பமாகும் சக்தி சுமார் 1.5 வாட். இரண்டை இணையாகப் போட்டதும் மின்தடை பாதியாகிறது, இழப்பும் 0.75 வாட் அளவுக்கு இறங்குகிறது. நான்கு ஃபேஸுக்கும் சேர்த்து 6 வாட் இருந்த இடத்தில் 3 வாட். அந்த 3 வாட்டும் ஒரே இடத்தில் குவியாமல் எட்டு சில்லுகளில் பரவுகிறது என்பது இன்னொரு லாபம். ஆனால் இரட்டிப்புக்கு ஒரு விலையும் உண்டு. திறந்து மூட வேண்டிய மாஸ்ஃபெட் அதிகமாவதால் ஸ்விட்ச்சிங் இழப்பு கூடும். குறைந்த சுமையில் இந்த அமைப்புக்குப் பெரிய நன்மை கிடையாது. எட்டுக் கோர், பன்னிரண்டு கோர் ப்ராசசர் முழு மூச்சில் ஓடும்போதுதான் அது தன் மதிப்பைக் காட்டும்.

ப்ராசசருக்கான மின் இணைப்பு ஒரே ஒரு 8 முள் சாக்கெட்தான். இரண்டு இல்லையே என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் அர்த்தமில்லை. 142 வாட் வெளியே போக, விஆர்எம் இழப்பையும் சேர்த்து உள்ளே வேண்டியது சுமார் 160 வாட். 12 வோல்ட்டில் அது 13 ஆம்பியருக்குச் சற்று மேல். 8 முள் இணைப்பில் 12 வோல்ட் சுமக்கும் முள்கள் நான்கு என்பதால், ஒரு முள்ளுக்கு மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். இதே சுமையை 4 முள் மட்டுமுள்ள மலிவான போர்டில் ஏற்றினால் இரண்டே முள்கள் ஆளுக்கு ஏழு ஆம்பியரை நெருங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் தளர்ந்த இணைப்பு உருகிக் கருகுவது அப்படித்தான். டோமஹாக்கில் செய்ய வேண்டியது, 8 முள்ளையும் முழுதாகச் செருகுவது மட்டும். 4 முள்ளைச் செருகினாலும் போர்டு எழுந்துவிடும் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

வெப்பத்தை அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிளெண்டர் போன்ற எல்லாக் கோர்களையும் பிடித்து வைக்கும் வேலையைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பத்து நிமிட ஓட்டத்தில் ஹீட்சிங்க்கே இன்னும் சூடாகியிருக்காது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மாஸ் என்ற பெயரில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து அறை வெப்பத்தைக் கழிக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வகங்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் அளக்கின்றன. அங்கே 72 டிகிரி காட்டும் போர்டு, குளிர்சாதனம் இல்லாத 36 டிகிரி அறையில் 86-ஐத் தாண்டும். சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் மின்தடையும் கூடுவதால், வெறும் கூட்டலில் வருவதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அளந்த எண் 100-ஐ நெருங்கினால் அந்த ப்ராசசருக்கு அந்த போர்டு பொருந்தாது என்பதே எங்கள் கணிப்பு. மாஸ்ஃபெட் அதைத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டர்களின் ஆயுள்தான் குறையும்.

கூலரும் இதில் சம்பந்தப்பட்டது. ஏஎம்டி ப்ராசசரோடு வரும் ரெய்த் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம் ஹீட்சிங்க்குக்கும் காற்று போய்ச் சேரும். டவர் கூலர் காற்றைப் பின்பக்கம் தள்ளும், அந்த வழியில் கொஞ்சம் கிடைக்கும். நீர்க்கூலர் போட்டால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே அசையாது. ப்ராசசர் குளிர்ந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கையில் விஆர்எம் வெந்துகொண்டிருக்கும். நீர்க்கூலர் வைப்பவர் கேஸின் பின்பக்க விசிறியைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். விசிறி இணைப்புக்கு டோமஹாக்கில் பஞ்சமில்லை: ப்ராசசருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, கேஸுக்கு நான்கு.

முடிவாக, இந்த மின்பகுதியில் 8 கோர் ப்ராசசரைத் தயக்கமில்லாமல் ஓட்டலாம். 12 கோரையும் 16 கோரையும் 142 வாட் வரம்புக்குள் வைத்து, காற்றோட்டமும் இருந்தால் ஓட்டலாம். ப்ராசசரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை இயக்கிவிட்டால் அந்த வரம்பு கழன்றுவிடும். 16 கோரில் அதைச் செய்ய இது ஏற்ற பலகை அல்ல.

தடங்கள்

ஏஎம்4 ரைசன் ப்ராசசர் தன்னிடமிருந்தே கொடுப்பது கிராபிக்ஸுக்கு 16 தடம், சேமிப்புக்கு 4 தடம், சிப்செட்டோடு பேச 4 தடம். டோமஹாக்கில் இவை பிசிஐஇ 3.0. முதல் பெரிய ஸ்லாட்டுக்கு 16 தடமும் முழுதாகப் போகிறது. பி450 சிப்செட்டில் அந்த 16-ஐ எட்டெட்டாக இரண்டு ஸ்லாட்டுக்குப் பிரிக்க வழியில்லை, அதற்கு எக்ஸ்470 வேண்டும். உள்ளே கிராபிக்ஸ் உள்ள ஜி வகை ப்ராசசர்களில் 2018-ன் 2400ஜி போன்ற பழையவற்றைப் போட்டால், முதல் ஸ்லாட்டும் 8 தடத்தில்தான் ஓடும். பின்பக்கத்து எச்டிஎம்ஐயும் டிவிஐயும் உள்ளே கிராபிக்ஸ் உள்ள ப்ராசசர் இருந்தால் மட்டுமே படம் காட்டும். "போர்டில் எச்டிஎம்ஐ செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 2600 அல்லது 3600 ப்ராசசரைப் போட்டிருப்பதுதான்.

சேமிப்புக்கான 4 தடத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஏஎம்4 ப்ராசசரில் அந்த நான்கையும் எம்.2 ஸ்லாட்டில் போடும் வேகமான என்விஎம்இ வட்டுக்கே கொடுக்கலாம். அல்லது இரண்டை வட்டுக்குக் கொடுத்து மீதி இரண்டை சேட்டா (வழக்கமான ஹார்ட் டிஸ்க்) இணைப்பாக மாற்றலாம். பலகையில் ஆறு சேட்டா சாக்கெட் இருக்கிறது என்றால் ஆறும் எப்போதும் வேலை செய்யும் என்று பொருளாகாது. எம்.2 வட்டைப் போட்ட பிறகு 5, 6 என்று எண்ணிட்ட சாக்கெட்டில் செருகிய ஹார்ட் டிஸ்க் திடீரென்று தெரியாமல் போனால் கேபிளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், 1 முதல் 4 வரையுள்ள சாக்கெட்டுக்கு நகர்த்தினால் போதும்.

இரண்டாவது பெரிய ஸ்லாட் பார்க்கத்தான் பெரியது. சிப்செட்டிலிருந்து வரும் பிசிஐஇ 2.0, அதிலும் 4 தடம் மட்டும். ஒரு அடாப்டர் கார்டு வழியாக இரண்டாவது என்விஎம்இ வட்டை இதில் போட்டால் ஓடும், ஆனால் நொடிக்கு 2 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ப்ராசசரோடு நேரே இணைந்த எம்.2-வில் அதே வட்டு நொடிக்கு மூன்றரை கிகாபைட் தரும். ஆகவே இயங்குதளம் எம்.2-விலும், கோப்புக் கிடங்கு அடாப்டரிலும் இருக்கட்டும். சின்ன ஸ்லாட்டுகள் மூன்றும் அதே சிப்செட்டையே நம்பியிருக்கின்றன.

பிசிஐஇ 3.0 என்பது இன்று எங்கே உறுத்தும்? 16 தடமோ 8 தடமோ உள்ள நடுத்தர கிராபிக்ஸ் கார்டில் பெரிதாகத் தெரியாது. 2022 தொடக்கத்தில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 தடம் மட்டுமே வைத்து, 4.0 வேகத்தை நம்பி வடிவமைத்த கார்டில் நன்றாகத் தெரியும். டோமஹாக்கில் போட்டால் அந்த நான்கு தடமும் பாதி வேகத்துக்கு இறங்கும். 4 கிகாபைட் கார்டு மெமரி நிரம்பியதும் விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடும். மலிவான கார்டு பழைய போர்டுக்குப் போதும் என்ற வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாகிறது. 2019-ல் சில சோதனை பயாஸ்களில் பழைய போர்டுகளிலும் 4.0 திறந்துகொண்டது உண்மை. சமிக்ஞைத் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஏஎம்டி அதைப் பின்னர் மூடிவிட்டது. அது சரியான முடிவு. 3.0-க்காகப் போட்ட செப்புத் தடத்தில் 4.0 ஓடினால் பிழைகள் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

பயாஸ் சில்லு

இந்த ஆய்வின் மையம் இதுதான். பலகையில் ஒரு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, எட்டுக் கால் உள்ள கறுப்புச் சில்லு. அதன் மேல் 25 என்று தொடங்கும் எண் வரிசையில் 128 என்று இருந்தால் 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். 256 என்று இருந்தால் 32 மெகாபைட். 2018-ன் டோமஹாக்கில் இருப்பது 128.

பயாஸ் என்றதும் நினைவுக்கு வருவது அமைப்புத் திரைதான். சில்லுக்குள் இடத்தைப் பிடிப்பது அது மட்டுமல்ல. ஏஎம்டி தரும் அஜீசா என்ற தொகுப்பு அதற்குள் இருக்கிறது. ப்ராசசரை எழுப்பி, மெமரியைப் பழக்கி, மின்சக்தியை நிர்வகிக்கும் நிரல்கள் அவை. ஒவ்வொரு ப்ராசசர் தலைமுறைக்கும் அதற்கென்று தனி மைக்ரோகோடு, தனிப் பாதுகாப்பு நிரல், ஜி வகையாக இருந்தால் தனி கிராபிக்ஸ் நிரல். ஏஎம்4 சாக்கெட்டின் பெருமையே ஒரே சாக்கெட்டில் பல தலைமுறை என்பது. ஏ வரிசை பிரிஸ்டல் ரிட்ஜ், 2017-ன் ரைசன் 1000, 2018-ன் 2000, அதன் ஜி வகை, 2019-ன் 3000, அதற்கும் ஒரு ஜி வகை, பிறகு 5000. 2020 வரை இந்த சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி முன்பே அறிவித்திருந்தது. அந்த வாக்கை நிறைவேற்ற எவ்வளவு இடம் வேண்டும் என்று 2018-ல் போர்டு வடிவமைத்தவர்கள் கணக்குப் போடவில்லை. எம்எஸ்ஐ மட்டுமல்ல, 400 வரிசை போர்டுகளில் பெரும்பாலானவை இதே 16 மெகாபைட்டில்தான் வந்தன.

2019 ஜூலை 7 அன்று ரைசன் 3000 வெளியானபோது இடம் தீர்ந்துபோயிற்று. எம்எஸ்ஐ அப்போது கொடுத்த பயாஸில் மூன்று மாற்றங்கள். படங்களோடு அழகாக இருந்த கிளிக் பயாஸ் திரை போய், ஜிஎஸ்இ லைட் என்ற எளிய திரை வந்தது. ஏ வரிசை ப்ராசசர்களுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. பல வட்டுகளை ஒரே தொகுதியாகக் கட்டும் ரெய்டு வசதியும் நீக்கப்பட்டது. முதலாவது தோற்றம் சம்பந்தப்பட்டது, பழகிவிடும். மூன்றாவது அப்படியல்ல. இரண்டு வட்டுகளைப் போர்டின் ரெய்டில் கட்டி வைத்திருந்தவர் குறிப்பைப் படிக்காமல் புதுப்பித்தால், மறுமுறை இயக்கும்போது வட்டுத் தொகுதியே இராது. தரவு அழிவதில்லை; ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த நிரல் பலகையில் இல்லை. வாங்கும்போது இருந்த ஒரு வசதியைப் புதுப்பிப்பின் பெயரால் எடுத்துக்கொள்வது எந்த வகையிலும் நியாயமில்லை. இடமில்லாமல்தான் எடுத்தார்கள் என்பது காரணம்தானே தவிர சமாதானம் ஆகாது.

அதே ஆண்டில் டோமஹாக் மேக்ஸ் வந்தது. மின்பகுதி அதே, தோற்றமும் ஏறக்குறைய அதே. பெரிய மாற்றம் 32 மெகாபைட் சில்லு. போர்டின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சில்லுக்கான விலை வித்தியாசம் சொற்பம். மெமரி வேகப் பட்டியலும் நீண்டது. பழைய டோமஹாக்குக்கு 3466 வரை போட்டிருந்தார்கள், மேக்ஸுக்கு 4133.

அடுத்த நெருக்கடி 2020 மே மாதம். ரைசன் 5000 தலைமுறை 500 வரிசை சிப்செட்டில் மட்டுமே ஓடும் என்று மே 7 அன்று ஏஎம்டி அறிவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று இந்த 16 மெகாபைட் சில்லு. முந்தைய மாதங்களில் மேக்ஸ் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம், 32 மெகாபைட் இருந்தும் வாசல் மூடப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே மே 19 அன்று ஏஎம்டி மனம் மாறியது. 400 வரிசைக்கும் பயாஸ் வரும், ஆனால் அதை ஏற்றினால் பழைய ப்ராசசர் சிலவற்றுக்கான ஆதரவு போய்விடலாம், திரும்பும் வழி இராது என்ற நிபந்தனையோடு. நவம்பர் 5-ல் ரைசன் 5000 வெளியானது, 400 வரிசைக்கான பயாஸ்கள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. பழைய 16 மெகாபைட் டோமஹாக்குக்கும் வந்தது. 2022 ஏப்ரலில் வெளியான 5800எக்ஸ்3டி வரை இந்தப் பலகையில் ஓடுகிறது. 2018-ல் 6 கோர் 2600-வோடு தொடங்கியவர் மெமரியையும் போர்டையும் மாற்றாமல் அங்கே வந்து சேரலாம். அந்த ப்ராசசரும் 105 வாட் வகைதான், முதல் பகுதியில் கணக்கிட்ட அதே 142 வாட்டுக்குள். மின்பகுதியில் செய்த செலவு நான்கு வருடம் கழித்துப் பலன் கொடுத்தது இப்படித்தான்.

புதுப்பிக்கும் முறை

டோமஹாக்கை மற்ற பல பி450 போர்டுகளிலிருந்து காப்பாற்றியது பின்பக்கத்தில் உள்ள ஃபிளாஷ் பயாஸ் பட்டன். இது இல்லாத போர்டில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: புது ப்ராசசரை எழுப்பப் புது பயாஸ் வேண்டும், புது பயாஸை ஏற்ற ஏற்கனவே ஓடும் பழைய ப்ராசசர் வேண்டும். 2018-ல் இதற்காகவே ஏஎம்டி ஒரு சிறிய ப்ராசசரை இரவல் அனுப்பும் திட்டம் வைத்திருந்தது. பட்டன் இருந்தால் ப்ராசசரும் வேண்டாம், மெமரியும் வேண்டாம். 24 முள்ளும் 8 முள்ளும் இணைத்த எஸ்எம்பிஎஸ் போதும்.

முதல் வேலை, பலகையில் அச்சிட்ட பெயரைப் படிப்பது. டோமஹாக், டோமஹாக் மேக்ஸ் இரண்டுக்கும் உள் மாடல் எண் 7சி02 என்றே இருக்கும், ஆனால் பயாஸ் கோப்புகள் வேறு. மேக்ஸ் என்ற சொல் அச்சில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அதற்குரிய கோப்பை எம்எஸ்ஐ தளத்திலிருந்து இறக்க வேண்டும்.

32 கிகாபைட்டோ அதற்குக் கீழோ உள்ள பழைய பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, கோப்பை அதன் முதல் அடுக்கிலேயே வைக்க வேண்டும், ஃபோல்டருக்குள் கூடாது. கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எம், எஸ், ஐ, பிறகு புள்ளி, பிறகு ஆர், ஓ, எம் என்று மாற்ற வேண்டும். தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும். பெயரை மாற்றிவிட்டோம் என்று நினைக்கையில் புதுப் பெயருக்குப் பின்னால் பழைய பின்னொட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பெயரில் கை வைக்க வேண்டும்.

பென்டிரைவைப் பின்பக்கத்தில் அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சைப் போட்டு, பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கத் தொடங்கும், ஐந்து நிமிடம் அளவு நீடிக்கும். சில நொடிகளிலேயே நின்றுவிட்டால் போர்டு கோப்பைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்: பெயர் தவறு, ஃபார்மேட் தவறு, அல்லது துளை தவறு. வேறு பென்டிரைவில் முயன்றாலே பல நேரம் சரியாகிவிடும். நடுவில் மின்வெட்டு வராமல் யுபிஎஸ் இருப்பது நல்லது. வந்தாலும் இந்த பட்டன் உள்ள போர்டில் மறுபடி முதலிலிருந்து செய்து மீட்க முடியும்.

முடிந்ததும் சிமாஸை (சேமித்து வைத்த பயாஸ் அமைப்புகளை) அழித்துவிட்டு இயக்க வேண்டும். முதல் தடவை திரை வர இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கும், டிரேம் (மெமரி) விளக்கு எரிந்தபடி இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் பழக்கம் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பலகையில் ப்ராசசர், டிரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் உண்டு, எதில் நிற்கிறதோ அங்கே பார்க்க வேண்டும். ப்ராசசர் விளக்கிலேயே நின்றால் பெரும்பாலும் அந்த பயாஸுக்கு அந்த ப்ராசசரைத் தெரியாது.

ப்ராசசரை மாற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். புது ப்ராசசரைக் கண்டதும் போர்டு, உள்ளிருக்கும் டிபிஎம் (பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) தகவலை அழிக்கட்டுமா என்று ஒய், என் கேட்கும். சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் வட்டு பூட்டியபடியே கிடக்கும். இதே டிபிஎம் அவ்வப்போது கணினியை ஒரு நொடி திக்கவைத்த சிக்கலை 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. அஜீசா 1.2.0.7-இல் அது சரிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய பயாஸோடு விண்டோஸ் 11 ஓட்டுபவர்கள் புதுப்பித்துவிடலாம்.

பட்டனும் கைவிட்டால் கடைசி வழி, சில்லை நேரே எழுதுவது. அதற்கான சிஎச்341ஏ புரோகிராமர் கருவி மலிவாகக் கிடைக்கிறது. ஏஎம்4 போர்டுகளின் பயாஸ் சில்லு 1.8 வோல்ட் வகை. அந்தப் புரோகிராமரோ 3.3 வோல்ட் தருவது. இடையில் 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டினால் சில்லு போய்விடும் அபாயம் உண்டு. முதலில் இருக்கும் உள்ளடக்கத்தை இரண்டு தடவை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, அதற்குப் பிறகே எழுத வேண்டும். போர்டின் லேன் முகவரியும் வரிசை எண்ணும் பழைய உள்ளடக்கத்தில் இருக்கலாம் என்பதால் அந்தக் கோப்பைத் தூக்கி எறியக்கூடாது.

மெமரியும் மற்றவையும்

நான்கு டிடிஆர்4 ஸ்லாட். இரண்டு மாட்யூல் மட்டும் போடுவதானால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. முதல் ஸ்லாட்டில் போட்டுவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டால், காலி ஸ்லாட்டின் தடத்தில் சமிக்ஞை மோதித் திரும்பி வந்து கலக்கும். 2133-ல் தெரியாது, மெமரியை அதன் அறிவித்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியை இயக்கி 3200 ஏற்றியதும் தெரியும். ரைசன் 3000-க்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு மாட்யூலுக்கு 3200, ஒற்றை ரேங்க் (ஒரே சில்லுத் தொகுதி உள்ள) நான்கு மாட்யூலுக்கு 2933, இரட்டை ரேங்க் நான்குக்கு 2667 மட்டுமே. இரண்டு வருடம் கழித்து அதே பிராண்டில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டதும் கணினி எழவில்லை என்றால், போர்டைக் குறை சொல்வதற்கு முன் வேகத்தை 2667-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஒலிக்கு ரியல்டெக் ஏஎல்சி892, லேனுக்கு ரியல்டெக் 8111எச், ஒரு கிகாபிட். இரண்டும் சாதாரணம், இரண்டும் வேலை செய்யும். எதிலாவது மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் இங்கே பிடித்ததில் தவறில்லை.

பழைய போர்டாக வாங்கும்போது

இந்தப் பலகை இப்போது பெரும்பாலும் இரண்டாம் கையாகவே கிடைக்கும். மேக்ஸ் என்ற அச்சைப் பாருங்கள், விலை வித்தியாசம் சிறிதானால் அதையே எடுங்கள். 8 முள் சாக்கெட்டின் உட்பக்கம் பழுப்பேறியிருக்கிறதா, ஹீட்சிங்க் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சாக்கெட் துளைகளில் தெர்மல் பேஸ்ட் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஏஎம்4-ல் முள்கள் ப்ராசசரில்தான், போர்டில் துளைகள் மட்டுமே. அதனால் கூலரை நேராகத் தூக்கினால் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிய ப்ராசசர் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிய்த்துக்கொண்டு வரும், முள்கள் வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியைச் சுமையோடு ஓட்டி பேஸ்ட்டை இளக்கி, அணைத்து, மின்கேபிளைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்டது என்று கையில் தெரிந்த பிறகு தூக்க வேண்டும். விற்பவர் போர்டை ஏற்கனவே கழற்றி வைத்திருந்தால், முள் ஏதும் ஒடிந்து துளைக்குள் நிற்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்து வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.